துரை நாற்காலி

ஜூலை 2, செவ்வாய்

டாக்டர் சொன்னார் என்பதற்காக இந்த டைரி. அப்பா என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார், வயிறு போயிற்றா என்று தினமும் குறித்து வைத்தால் மருந்தை மாற்றிக் கொடுக்க அவருக்கு வசதியாம். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பிசிக்ஸ் நடத்தியவளுக்கு ரீடிங் எடுக்கவா தெரியாது?

காலை இட்லி ஒன்றரை. மதியம் குழைய வடித்த சோறு, மிளகு ரசம். இரவு கஞ்சி, பாதியைத் துப்பிவிட்டார். வயிறு இன்றும் போகவில்லை.

டைரியைக் கொஞ்சம் தடிமனாக வாங்கிவிட்டேன். இட்லிக் கணக்குக்கு இவ்வளவு தாள் வேண்டியதில்லை. மிச்ச இடத்தில் என் புலம்பல்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கையும் கண்ணும் இருக்கின்றன. ஒருமுறை கண்ணை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. கோயிலில் பிரசங்கம் என்று ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசிய ஆசீர்வாதம் வாத்தியார், இப்போது இந்த இரண்டே சொற்களில் வீட்டை நடத்துகிறார். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கூடவே இருக்கிறேன். காலையும் மாலையும் பாண்டியம்மா வந்து தூக்கிப் பிடிக்கிறாள். தம்பி ஜெயக்கரன் அமெரிக்காவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறான். அவரவரால் முடிந்தது.

ஜூலை 4, வியாழன்

எலினோர் என்று ஓர் அமெரிக்க அம்மாள் மெயில் அனுப்பியிருக்கிறார். அந்தக் காலத்தில் இங்கே மிஷனரியாக வந்த விட்கோம் துரையின் வம்சமாம். மாசச்சூசெட்ஸில் அவர்கள் ஊர் அருங்காட்சியகத்தில் குடும்பத்துச் சாமான்களை வைத்துக் கண்காட்சி நடத்தப்போகிறார்களாம். துரை இந்தியாவுக்குக் கொண்டுபோன நாற்காலி பசுமலையில் உங்கள் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம், படமும் அளவும் அதன் கதையும் அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

முடியுமாவா! அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். தூக்கக் கலக்கம்.

கதையை இன்றே எழுதிவிட்டேன். சின்ன வயதில் வருஷப் பிறப்பு தோறும் அப்பா சொல்லக் கேட்டதுதான்.

விட்கோம் துரையின் முப்பாட்டனார் தங்கள் ஊர்த் தச்சரிடம் செய்து வாங்கிய கைநாற்காலி அது. துரை கப்பலில் சென்னைக்கும் அங்கிருந்து மாட்டுவண்டியில் மதுரைக்கும் அதைக் கொண்டுவந்தார். ஊரில் காலரா வந்தது. துரை விழுந்தார். வேலைக்காரர்கள் ஓடிவிட்டார்கள். எங்கள் முன்னோர் வேதமுத்து உபதேசியார் மட்டும் நின்று, கழுவித் துடைத்து, கடைசிவரை பார்த்துக்கொண்டார். துரையை அடக்கம் செய்த அன்று மாலை துரைசானி வேதமுத்துவைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னாராம். அவர் உட்கார்ந்த பிறகுதான் வீட்டில் அடுப்பு பற்றவைத்தார்களாம்.

அன்றிலிருந்து அதுதான் முறை. மூத்த மகனுக்கு என்றெல்லாம் கிடையாது. யார் கடைசிவரை பார்த்துக்கொள்கிறார்களோ அவர்களுக்குத்தான் நாற்காலி. அடக்கம் முடிந்து வந்த மாலையில் எல்லோர் முன்னாலும் உட்கார வேண்டும். வேதமுத்துவுக்கு நான்கு மகன்கள் இருந்தும் மருமகள் அன்னம்மாள்தான் உட்கார்ந்தாள். அவளுக்குப் பிறகு எங்கள் தாத்தா. தாத்தாவுக்குப் பிறகு அப்பா. பெரியப்பாவுக்கு அதில் வருத்தம். சாகும்வரை அப்பாவோடு பேசவில்லை.

அப்பாவுக்குப் பிறகு யார் என்று எலினோர் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. நாற்காலிக்காகவா பார்க்கிறேன்?

ஜூலை 6, சனி

படம் எடுத்தேன். துணியைப் போர்த்தி மூலையில் வைத்திருப்பதால் தூசி அதிகமில்லை. இருந்தும் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒருமுறை துடைத்தேன். கடைந்த கால் நான்கு, முன்கால்களின் உச்சியில் குமிழ், முதுகுக்குக் கடைந்த கம்பிகள், பிரம்பு பின்னிய இருக்கை. கறுத்த பாலிஷ். வலது கைப்பிடியில் கட்டைவிரல் வைக்கும் இடம் மட்டும் குழிவாகத் தேய்ந்திருக்கிறது. எத்தனை பேருடைய கட்டைவிரல்!

இதில் ஒரு ஆணி கிடையாது, பசை கிடையாது. அப்பா இதை வைத்தே ஒரு பிரசங்கம் வைத்திருந்தார். ஆணியும் பசையும் இல்லாமல் ஒரு நாற்காலி இத்தனை தலைமுறை நிற்கிறதென்றால் அது அன்பின் கட்டு, சகோதரரே, என்று அவர் குரல் தழுதழுக்கும்போது முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன்.

இதில் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை. முறை அப்படி.

வயிறு போயிற்று. தோத்திரம்.

ஜூலை 9, செவ்வாய்

கால்களின் குறுக்களவை இரண்டு திசையிலும் எடுக்கச் சொல்லி எலினோர் எழுதியிருக்கிறார்: முன்பின்னாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. எதற்கு என்று சொல்லவில்லை. நான் ஓய்வு பெற்றபோது லேப்பிலிருந்து நினைவாகக் கொடுத்த வெர்னியர் காலிப்பர் இருக்கிறது. அதை வைத்து மேலும் கீழும் நடுவிலுமாக எல்லாக் கால்களையும் அளந்தேன்.

என்ன வேலைப்பாடு! இரண்டு திசையிலும் இம்மியும் பிசகாத வட்டம். மெஷினில் கடைந்தாலும் இப்படி வராது. “முந்நூறு வருஷம் ஆகியும் உங்கள் ஊர்த் தச்சரின் வட்டம் வட்டமாகவே இருக்கிறது” என்று பெருமையாக எழுதி அனுப்பினேன். மார்க் ஷீட் மாதிரி அட்டவணை வேறு போட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

அப்பாவைக் காலைக்கடனுக்கு உட்காரவைக்கும் கமோடு நாற்காலியின் கால் விரிசல் விட்டிருக்கிறது. பிளாஸ்டிக். கட்டுக்கம்பி போட்டுச் சுற்றியிருக்கிறோம். உட்கார்ந்தால் கிறீச் என்கிறது, அப்பா பயந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

பாண்டியம்மா சொன்னாள்: “டீச்சர், அந்தா மூலையில சும்மாதானே கெடக்கு ஒரு நாற்காலி. நடுவுல ஓட்டையப் போட்டம்னா ஐயாவுக்குச் சிம்மாசனம் கணக்கா இருக்கும்ல?”

எனக்கு வந்ததே கோபம். “வாயக் கழுவு. அது என்ன நாற்காலின்னு தெரியுமா ஒனக்கு?” என்று கத்திவிட்டேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்தபோதும் முகம் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

கரன் போன். வழக்கம்போல் காரிலிருந்து. அந்த ஊரில் வீடு கட்டுவதே பூட்டி வைப்பதற்குத்தான் போலிருக்கிறது. எப்போது வீடியோவில் வந்தாலும் கார், இல்லாவிட்டால் சமையல்கட்டுச் சுவர்.

எலினோர் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

“அதெல்லாம் எதுக்குக்கா வெள்ளக்காரங்ககிட்டச் சொல்லிக்கிட்டு? அப்பறம் அவங்க பொருள்னு திருப்பிக் கேப்பாங்க.”

“கேட்டாக் குடுத்துருவமா? போட்டோதான்டா கேட்டாங்க. அளவுகூட எடுத்து அனுப்பிட்டேன்.”

“அனுப்பிட்டியா?” என்றான். பிறகு சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

ஜூலை 18, வியாழன்

எலினோரிடமிருந்து பதில் இல்லை. காலை இடியாப்பம், தேங்காய்ப் பால். அப்பாவுக்குப் பிடித்தது. அவர் கண்ணில் சிரிப்பு தெரிந்தது. இந்த ஒரு சிரிப்புக்காக இன்னும் பத்து வருஷம் இடியாப்பம் பிழியலாம் என்று தோன்றியது. இது டாக்டருக்கு வேண்டாத ரீடிங்.

ஜூலை 22, திங்கள்

பதில் வந்தது. ரொம்பத் தயங்கி, சுற்றிவளைத்து எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்துத் தச்சர்கள் நாற்காலிக் கால்களை ஈரம் காயாத பச்சை மரத்தில் கடைவார்களாம். குறுக்குச் சட்டங்களை மட்டும் நன்றாகக் காயவைத்து அவற்றில் சொருகுவார்களாம். கால் காயக் காயச் சுருங்கிச் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணியும் பசையும் வேண்டாததன் ரகசியம் அதுதான். ஆனால் மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. வட்டமாகக் கடைந்த கால் காய்ந்தபின் லேசாக முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அந்த ஊரில் அந்தக் காலத்தில் செய்த நாற்காலி எதை எடுத்து அளந்தாலும் அப்படித்தான் இருக்குமாம். “உங்கள் அளவில் ஏதோ தவறு நேர்ந்திருக்கலாம்” என்று முடித்திருக்கிறார்.

என் அளவில் தவறாம். வெர்னியர் பிடிக்க எனக்குத் தெரியாதாம்.

மறுபடி அளந்தேன். வட்டம். கருவி பழுதோ என்று சமையல்கட்டுக்குப் போய், சித்திரைப் பொருட்காட்சியில் வாங்கிய பூரிக்கட்டையை அளந்தேன். அது கோணியிருக்கிறது. நன்றாகவே கோணியிருக்கிறது. கருவி சரிதான்.

நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, சட்டம் காலுக்குள் நுழையும் இடத்தை ஹேர்பின்னால் சுரண்டினேன். மஞ்சளாகப் பசை உதிர்ந்தது.

அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. இந்த வயதில் அவருக்கு இந்த இடி வேறு வேண்டுமா?

ஜூலை 23, செவ்வாய்

கரன் திருடிவிட்டான்.

ஜூலை 23, மாலை

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். அம்மா இறந்தபோது வந்து இரண்டு வாரம் தங்கினான். “பிரம்பு நைஞ்சு போச்சுக்கா, பின்னிட்டு வாரேன்” என்று நாற்காலியை வேன் வைத்து டவுனுக்கு எடுத்துப் போனான். நான் துக்க வீட்டில் வந்தவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்போது மாற்றியிருக்கிறான். பெற்ற தாயின் அடக்கத்துக்கு வந்தவன்! கூடப்பிறந்தவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு விமானம் ஏறியிருக்கிறான்.

எனக்கு அந்த மரத்துண்டு பெரிசில்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அம்மாவுக்குச் சிறுநீரகம் போய் அத்தனை வருஷம் அலைந்தது யார்? அப்பாவுக்கு இந்த இரண்டு வருஷம் பீயும் மூத்திரமும் அள்ளியது யார்? அமெரிக்காவில் காரில் உட்கார்ந்துகொண்டு “அப்பா எப்பிடி இருக்காங்க” என்று கேட்டவனுக்கு நாற்காலியா?

வாட்ஸப்பில் வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பினேன். திருடன் என்றேன். அம்மா உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்றேன். இரண்டு நீல டிக் விழுந்தது.

ஜூலை 24, புதன்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாள் மறைப்பது. முகம் துடைத்துவிட்டுக்கொண்டே, “அப்பா, மனசத் தைரியமா வெச்சுக்கங்க. நம்ம நாற்காலிய கரன் மாத்தி எடுத்துட்டுப் போயிட்டான். இது டூப்ளிகேட்டு” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவேயில்லை. ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. பாவம், அவர் உயிர் அதில்தான் இருந்தது. நெற்றியில் கை வைத்து, “நான் இருக்கேன்ல, விடுங்கப்பா” என்றேன்.

இரவு சாப்பிடவில்லை. நானும்.

ஜூலை 27, சனி

கரன் இன்று பேசினான். முதல்முறையாக வீட்டிலிருந்து.

“அக்கா, நான் திருடல.”

“அப்ப காலு மொளச்சு நடந்து வந்துச்சாடா ஒங்க ஊருக்கு?”

“அப்பாதான் குடுத்தாங்க.”

அம்மா இறந்தபோதா என்றேன். இல்லையாம். அவன் முதன்முதலில் விசா கிடைத்துப் போனானே, தொண்ணூற்றெட்டில், அப்போதாம். அவன் சாமான்களோடு கப்பலில் போயிற்றாம்.

“பொய் சொல்லாத. நான் திண்டுக்கல்ல வேல பாத்தப்பவும் சனிக்கிழம சனிக்கிழம வந்துக்கிட்டுத்தானே இருந்தேன். நாற்காலி இங்கதான இருந்துச்சு?”

“நடுவுல ஒரு மாசம் பாலிஷுக்குப் போயிருக்குன்னு சொன்னாங்கல்ல, அப்பதான். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடைசல் பட்டறைல, பழைய வீடு இடிச்ச தேக்கு உத்தரத்த வாங்கி, அப்பாவே கூட உக்காந்து செய்ய வெச்சாங்க. ஒண்ணு விடாம எல்லாம் அதே மாதிரி. கைப்பிடில தேஞ்ச எடத்தக்கூட உப்புத்தாள் வெச்சுத் தேய்க்கச் சொல்லி, தன் கட்டவெரல வெச்சு வெச்சுப் பாத்தாங்கக்கா. எப்சி கெட்டிக்காரி, கண்டுபிடிச்சிருவான்னு ஒன்னத்தான் சொன்னாங்க.”

மூலையில் இருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

“நான் வேணாம்னுதான்க்கா சொன்னேன். அவளுக்கு அப்பறம் அது யாருக்குடா போகும், பேர் சொல்ல ஒரு குடும்பத்துல இருக்கட்டும்னாங்க. அவகிட்டச் சொல்லாத, மனசு விட்டுப்போயிருவா, அம்மாவ யாரு பாக்கறதுன்னாங்க. அக்கா... இருக்கியா? வேணும்னா இப்பவே அனுப்பி வெச்சிர்றேன்.”

போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை.

காலை இட்லி இரண்டு. பால் அரை டம்ளர்.

ஜூலை 29, திங்கள்

பாலிஷ் போட்டு வந்த அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல், “அட, புதுசு மாதிரி ஆயிருச்சேப்பா!” என்றேன். அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அம்மாவுக்கும் தெரியுமா? அந்தக் கணக்கை நான் போடப்போவதில்லை.

தூக்கிப் பார்த்து, கனம் வேறு மாதிரி இருக்கிறதே என்றும் சொன்னேன். பாலிஷ் குடித்திருக்கும்மா என்றார். தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார். நான் குனிந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்று. தானராஜ் சார் வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தது அதற்கு அடுத்த ஈஸ்டருக்கு. எனக்கு அப்போது முப்பத்திரண்டு. அவர் கணக்கு வாத்தியார், என்னைவிடக் குள்ளம், நல்லவர். அம்மாவுக்கு உடம்பு மோசமாக இருக்கிறதே என்று அப்பா ஒருநாள் முழுக்க ஜெபத்தில் இருந்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, “முடிவு ஒன் கையிலதாம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இந்த வீட்டுல பாத்துக்கறவங்களுக்கு என்ன மரியாதைன்னு மட்டும் ஒனக்குத் தெரியும்” என்று மூலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அவளுக்கு அப்புறம் யாருக்குப் போகுமாம். எப்படி இருக்கிறது கதை!

அதற்குப் பிறகு வருஷப் பிறப்பு ஒன்று விடாமல் அதில் உட்கார்ந்து, நாங்கள் முழங்காலில் நிற்க, என் தலையில் கை வைத்து, “இது எப்சிக்குத்தான்” என்று வந்தவர்களிடம் சொன்னார். அன்பின் கட்டு பிரசங்கத்தையும் விடவில்லை. எவ்வளவு பசை!

ஜூலை 30, செவ்வாய்

கேட்டுவிட்டேன். பாண்டியம்மா போனபிறகு கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கரன் எல்லாத்தையும் சொல்லிட்டான்.”

அவர் என்னைப் பார்த்தார்.

“நீங்கதான் குடுத்தீங்களா?”

ஒருமுறை.

“தானராஜ் வீட்டுல வந்து கேட்டப்ப, நாற்காலி போயிருச்சுல்ல?”

ஒருமுறை.

“எனக்கு எனக்குன்னு சொன்னீங்களே, நான் போயிரக் கூடாதுன்னா?”

நேரமாயிற்று. சுவரில் பல்லி ஒன்று ட்யூப்லைட் பின்னால் போய் வந்தது. இரண்டு முறை மூடித் திறந்துவிடுங்கள் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். பொய்யாக இருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷம் வாங்கவில்லையா?

ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு இடது கையை என் பக்கம் நீட்டினார். நான் என் கையைக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

இரண்டு நாளாகப் பாண்டியம்மாவைத்தான் ஊட்டச் சொல்கிறேன். எனக்குக் காய்ச்சல் என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவள் கையால் அப்பா வாய் திறக்கமாட்டேன் என்கிறார். நான் நிற்கும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இறங்கிப் போய்விடலாம். பை ஒன்று போதும். எங்கே போவது என்று யோசித்தால் ஓர் ஊரும் தோன்றவில்லை. ஊர் தெரியாமல் வளர்ந்துவிட்டேன், ஐம்பத்திரண்டு வயதுவரை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நான் ஊட்டினேன். ரசம் சோறு முழுவதும் சாப்பிட்டார்.

வெறுக்கிறேன் என்று எழுதிவைத்தால் ஆறுமோ என்று பார்த்தேன். வெறுக்கிறேன். ஆறவில்லை. ஆனால் ஊட்டும்போது ஒரு பருக்கை சிந்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 10, சனி

உண்மையான நாற்காலி எங்கே இருக்கிறதென்று எலினோருக்கு எழுதி, கரன் விலாசம் கொடுத்திருந்தேன். காரில் ஒரு நாள் பயணமாம். போய் அளந்திருக்கிறார். எல்லாக் கால்களும் முட்டை வடிவம். பச்சை மரத்தில் கடைந்தது, சந்தேகமில்லை என்று துள்ளிக் குதித்து எழுதியிருக்கிறார். படமும் வந்தது.

படம் எடுக்குமுன் அதன்மேல் கிடந்த துவைத்த துணிகளை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். ஒரு காலுறை மட்டும் கைப்பிடியில் தொங்குகிறது. அழகாகத்தான் இருக்கிறது, சொல்லாமல் என்ன. நம்முடையது மாதிரி நிமிர்ந்து நிற்கவில்லை. கொஞ்சம் சாய்ந்து, களைத்துப்போய், எல்லாக் கால்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது.

பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டைவிரல் குழி இடது கைப்பிடியிலும் இருக்கிறது, லேசாக. அதை அப்பா கவனிக்கவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கண்காட்சி அட்டையில் போட, யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று வரிசையாக எழுதிக் கேட்டார் எலினோர். எழுதினேன். விட்கோம் துரை, அவரைப் பார்த்துக்கொண்ட வேதமுத்து, அவரைப் பார்த்துக்கொண்ட அன்னம்மாள், அவளைப் பார்த்துக்கொண்ட ஞானப்பிரகாசம், அவரைப் பார்த்துக்கொண்ட ஆசீர்வாதம், ஆசீர்வாதத்தின் மகன் ஜெயக்கரன்.

கடைசி வரியில் மட்டும் ஏன் வேறு மாதிரி எழுதியிருக்கிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டால் சொல்லலாம். கேட்கமாட்டார்.

கரன் போன் பண்ணினான். “அனுப்பி வெக்கவாக்கா? நெசமாத்தான் கேக்குறேன்.”

“வேணாம். இங்க ஒரு நாற்காலி இருக்கு” என்றேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கமோடு நாற்காலி இன்று காலை உடைந்தே விட்டது. அப்பா சரிந்தார். நானும் பாண்டியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்ததால் பிழைத்தார். என் முழங்கை சுவரில் உரசித் தோல் போயிற்று. அவர் முகம் வெளுத்து, வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. என் பெயர் மாதிரி இருந்தது. இருக்காது.

இன்று சுதந்திர தினம். மருத்துவச் சாமான் கடைகளெல்லாம் அடைப்பு.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கடை இன்று திறந்திருக்கும். நான் போகவில்லை.

காலையில் மூலையிலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தேன். நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்தேன். பிறகு அதில் உட்கார்ந்தேன். முதல்முறை. யாரும் சாகவில்லை, அடுப்பில் ஏற்கெனவே உலை கொதித்துக்கொண்டிருந்தது, பார்க்க அப்பாவையும் பாண்டியம்மாவையும் தவிர ஆளில்லை. முதுகுக் கம்பி ஒன்று தோளில் குத்தியது. கட்டைவிரலைக் குழியில் வைத்துப் பார்த்தேன், எனக்குப் பொருந்தவில்லை. அப்பாவின் விரல் தடிமன்.

எழுந்து போய் மீன் வெட்டும் கத்தியை எடுத்து வந்தேன்.

“டீச்சர்!” என்றாள் பாண்டியம்மா. “அன்னக்கி அந்தப் பேச்சுப் பேசினீங்க...”

“அன்னக்கிப் பேசினது தப்பு. கமோடுச் சட்டிய எடுத்துட்டு வா, அளவு பாக்கணும்.”

பிரம்பை நடுவில் வட்டமாக அறுத்தேன். நன்றாகப் பின்னியிருந்தார்கள், லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. ஓரங்களுக்குத் துணி சுற்றித் தைத்தேன், அவர் தோலில் கீறக்கூடாதல்லவா. காலுக்கு அடியில் ரப்பர் வைத்தேன். தேக்கு. ஆட்டினேன், அசையவில்லை. பசை நல்ல பசை.

அப்பா கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். ஒருமுறையும் கண்ணை மூடவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

காலை இட்லி இரண்டு, தேங்காய்ச் சட்னி. பால் ஒரு டம்ளர்.

தூக்கி உட்காரவைத்தோம். இடது கை தானாக முன்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. வலது கையை எடுத்து அதன் இடத்தில் நான் வைத்தேன். கட்டைவிரல் குழிக்குள் சரியாக விழுந்தது. பின்னே விழாதா, அவர் விரலுக்கு அளவெடுத்துத் தேய்த்ததுதானே. பாண்டியம்மா வெளியே போனாள்.

அவர் அழுதார். நான் துடைத்துவிட்டேன். பிறகு நானும் அழுதேன். அதைத் துடைக்க ஆளில்லை.

“வசதியா இருக்காப்பா?” என்று கேட்டேன்.

ஒருமுறை மூடித் திறந்தார்.

வயிறு நன்றாகப் போயிற்று.